ஏப்ரலுக்கான அட்டை

நவம்பர் இரண்டாம் தேதி காலை, இறந்தவர்களுக்கான பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது ஸெனோனின் செருப்பு நனைந்திருந்தது. வீட்டுக்குள் போடுகிற கம்பளிச் செருப்பு. அதை அடுப்போரம் காயவைத்துவிட்டு, பால் குடித்த பூனை மாதிரி மேசை முன்னால் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான் என் புருஷன்.

“வெளிய போனியா?”

“குருவிக்குத் தானியம் போட்டேன்.”

“உறைபனியில, இந்தச் செருப்போடவா? டாக்டரம்மா சொன்னது எதுவும் காதுல ஏறலையா?”

“எங்கிட்ட எங்க சொன்னாங்க? உங்கிட்டதானே சொன்னாங்க.”

செருப்பை அடுப்புக்கு இன்னும் கிட்டே தள்ளிவைத்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பியாவிஸ்தோக் நகரத்து ஆஸ்பத்திரியில் அப்படித்தான் நடந்தது. படமெல்லாம் எடுத்து முடிந்ததும், “எதுவா இருந்தாலும் இவகிட்ட சொல்லுங்க, எனக்குக் கேக்க வேணாம்” என்று சொல்லிவிட்டுக் காபி மெஷினைத் தேடிப் போய்விட்டான். டாக்டரம்மா என்னை நடையிலேயே நிறுத்திச் சொன்னாள். தலைக்குள் இருப்பதை வெட்டி எடுக்க முடியாது. கிறிஸ்துமஸ் வரை தாங்குவார். ஈஸ்டரைப் பற்றி நினைக்க வேண்டாம். ஸெனோன் இரண்டு காபியோடு வந்தபோது, “மாத்திரை குடுத்திருக்காங்க, வசந்தத்துல வந்து காட்டச் சொன்னாங்க” என்றேன். அவன் தலையாட்டினான். காபி ஆறிப்போயிருந்தது என்று திட்டினான்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சூப் சட்டியை வெறுங்கையால் தூக்கினேன், கொப்புளம் வந்தது, வலித்ததாக ஞாபகமில்லை. இன்றைய பூசையில் முன்வரிசையே விம்மிக்கொண்டிருந்தபோது நான் பாதிரியாரின் அங்கியில் பிரிந்து தொங்கிய ஒரு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஏப்ரல் வரும், அதில் நானும் இருப்பேன் என்று அவன் கடைசிவரை நம்பிக்கொண்டிருக்க வேண்டும். அது என் வாய் தவறிக் கெட்டுப்போகக் கூடாது.

ஆகையால் இன்றைக்குக் காரைப் பனிக்காலத்துக்காக மூடிவைத்தே ஆகவேண்டும். ஏப்ரலில் திறப்பதற்குத்தானே ஒருவன் நவம்பரில் மூடுகிறான்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை, மடக்குகிற கூரை. ஜெர்மனிக்கு இறைச்சி லாரி ஓட்டிய காலத்தில் அங்கிருந்து கொண்டுவந்தான். செம்பட்டைக்காரி என்று அதற்குப் பெயர் வைத்தான். எனக்கு அவள் சக்களத்தி. பதினெட்டு வருஷமாக நான் அவளுடைய வலது பக்க இருக்கையில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவள் நான். “இவகிட்ட குடுத்தா கியரை அரைச்சு மாவாக்கிடுவா” என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

வருஷா வருஷம் நவம்பர் ஒன்றாம் தேதி அவளுடைய கடைசி ஓட்டம், எங்கள் குடும்பக் கல்லறைக்கு. என் மடியில் இரண்டு சாமந்தித் தொட்டி, காலடியில் கண்ணாடி விளக்குகள். மறுநாள் மூடிவிடுவான். அதற்குமேல் எந்த நாள் வேண்டுமானாலும் பனி உருக ரோட்டில் உப்பு போட்டுவிடுவார்கள், அது இரும்பைத் தின்றுவிடும். இந்த வருஷம் பக்கத்து வீட்டு வாட்செக் தன் காரில்தான் எங்களைக் கல்லறைக்குக் கூட்டிப்போனான். ஸெனோனுக்கு இப்போது ஒன்று இரண்டாகத் தெரிகிறது, இடதுகை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

பத்து மணிக்கு நானும் வாட்செக்கும் அவனைச் சமையலறை நாற்காலியோடு கராஜுக்குக் கொண்டுபோனோம். முழங்காலில் போர்வை. ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்ய ஆரம்பித்தான். வாட்செக் போன வாரமே ஆயிலை மாற்றிவிட்டிருந்தான். இன்றைக்கு இரண்டு கேன் பெட்ரோல் கொண்டுவந்திருந்தான்.

“முழுசா ஊத்து. வாய் வரைக்கும்.”

“பாதி போதாதா அண்ணே?”

“பாதி டேங்க்னா மீதியில காத்து இருக்கும். காத்துல ஈரம் இருக்கும். ஈரம் என்ன பண்ணும்? உன் மூளைய மாதிரி துருப்பிடிக்கும். ஊத்து.”

“யாரு ஓட்டப் போறாங்கன்னு இவ்வளவு…” என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்.

வாட்செக் கேனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. நான் குனிந்து டயரின் மூடியைத் திருகினேன். ஸெனோன் போர்வையைச் சரிசெய்துகொண்டான்.

“ஏப்ரல்ல ஓட்டுறவங்க ஓட்டுவாங்க. நீ டயருக்குக் காத்தடி.”

நான் அடித்தேன். வழக்கத்தைவிடக் கூடுதலாக அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து மாதம் ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாகிவிடும். கதவு ரப்பரில் கிளிசரின் தடவினேன். ஜன்னலை ஒரு விரல் கடை இறக்கினேன். வைப்பரைத் தூக்கி அதனடியில் தக்கை வைத்தேன். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன்.

“ஹேண்ட் பிரேக்கத் தொடாத! இழுத்துவச்சா பனிக்காலத்துல அப்படியே ஒட்டிக்கும்.”

“தெரியும்யா. பதினெட்டு வருஷமா இதே பாட்டு.”

“பாக்குறது வேற, செய்யுறது வேற அம்மணி.”

வாட்செக் பேட்டரியைக் கழற்றினான். ஸெனோன் அவனை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான். “நீ கிட்ட வந்து பாரு. கறுப்பு ஒயர் முதல்ல கழலும். மாட்டும்போது கறுப்பு கடைசி. சொல்லு.”

“கறுப்பு கடைசி.”

“இன்னொரு தடவ.”

“நான் என்ன கிளியா?” என்றேன். ஆனாலும் சொன்னேன்.

பேட்டரி சமையல் சாமான் அறைக்குப் போயிற்று. ஊறுகாய் வெள்ளரிக்கும் முட்டைக்கோஸுக்கும் நடுவே குளிர்காலம் முழுக்க அதற்கு அங்கே ஓர் இடம் உண்டு. கடைசியாகப் புகைக்குழாயில் பழந்துணியைச் சுருட்டி அடைத்தேன், எலி குடும்பம் நடத்தாமல் இருப்பதற்கு.

“இந்த வாட்டியாவது எடுக்க மறந்துராதீங்க அண்ணே. என் வீட்டுக்காரி இன்னும் பேசுறா” என்றான் வாட்செக்.

ஒரு ஏப்ரலில் ஸெனோன் துணியை எடுக்காமலே காரைக் கிளப்பிவிட்டான். துணி பீரங்கிக் குண்டு மாதிரி பாய்ந்து, வாட்செக் வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் கரியோடு போய் ஒட்டியது. அதற்கப்புறம்தான் அட்டை வழக்கம் வந்தது. மூடும் நாளன்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிடுவான். ஏப்ரலில் அதைப் படிக்காமல் சாவியைத் தொடமாட்டான். எல்லா வருஷமும் அதே நாலு வார்த்தை: துணி. பேட்டரி. காற்று. கட்டை. வேறு யாருக்கும் புரிய வேண்டிய அவசியமில்லையே.

வாட்செக் காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனான். ஸெனோன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த அட்டை ஒன்றை எடுத்தான். மூலையில் ஓட்டை போட்டு நூல் கோத்திருந்தது.

“மாட்டிட்டு வா.”

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். கையை நீட்டினால் ஸ்டியரிங் எட்டியிருக்கும். ஏனோ உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

கால்கள் பெடலைத் தொட்டன.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. ஸெனோன் ஆறடி உயரம். அந்த இருக்கை எப்போதும் கடைசிப் பல்வரை பின்னால் தள்ளியிருக்கும். என் கால் எட்ட வாய்ப்பே இல்லை. இப்போது அது முன்னால் வந்திருந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடியைப் பார்த்தேன், ரோடு நேராகத் தெரிந்தது, என் உயரத்துக்கு. வாட்செக் இதையெல்லாம் தொட்டிருக்க மாட்டான். நனைந்த செருப்பு ஞாபகம் வந்தது. நான் கோவிலில் முழங்காலிட்டிருந்த நேரத்தில், ஒன்றை இரண்டாகப் பார்க்கிற இந்த மனுஷன், ஒற்றைக் கையால் அந்த இருக்கையோடு மல்லுக்கட்டியிருக்கிறான்.

அட்டையைப் பிரித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துப்போலப் பெரிதாக, மேலும் கீழுமாக ஓடியது.

“ரெகினா, முதலில் கராஜ் கதவை அகலத் திற. புகைக்குழாயில் உள்ள துணியை எடு. பேட்டரியில் சிவப்பு முதலில், கறுப்பு கடைசி. டயரில் காற்றைக் குறை. கட்டைகளை எடு. கிளட்ச் கொஞ்சம் முரடு, மெதுவாக விடு. கியர் அரைபட்டால் அரைபடட்டும். முதல் ஓட்டம் கல்லறைக்கு வா. தொட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போடு, இல்லையென்றால் கவிழ்ந்துவிடும்.”

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நான் காத்த ரகசியம், அவன் சட்டைப்பையில் நூல் கோத்துக் கிடந்திருக்கிறது. பதினெட்டு வருஷம் தராத இருக்கையை இப்போது தருகிறான், நான் கேட்காதபோது. இறங்கிப்போய் அந்த நாற்காலியை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. அவனைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கிளட்சை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். முரடுதான். பாதம் வலித்தது.

அட்டையை மடித்து ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு இறங்கினேன்.

“மாட்டிட்டியா?”

“மாட்டிட்டேன்.”

“படிச்சியா?”

“இல்ல. கண்ணாடி வீட்டுல இருக்கு.”

கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. ஸெனோன் அதைப் பார்த்தான். எத்தனையாகத் தெரிந்ததோ.

“சரி. ஏப்ரல்ல படி” என்றான்.

காரை மூடுகிற பழைய உறையின் ஒரு முனையை அவனிடம் கொடுத்தேன். நல்ல கையால் பிடித்துக்கொண்டான். மறுமுனையை நான் இழுத்துப் போனேன்.