இரண்டு புள்ளி ஆறு

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருத்தியைப் பற்றி யாராவது "ஆண்டவர் அவ மனச ஆசீர்வதிக்கட்டும்" என்று சொன்னால் அவள் கதை முடிந்தது என்று அர்த்தம். அலபாமாவில் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூட இது தெரியும். கோபமாகத் திட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். ஆசீர்வாதம் வாங்கினவள் பிழைத்ததில்லை.

ஹாலிஸ் டிட்வெல்லுக்கு அந்த ஆசீர்வாதம் கிடைத்ததை நான் என் காதாலேயே கேட்டேன்.

அது ஆகஸ்ட் மாதம். வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தின வாரம், கல்லூரிப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து வாழும் சொராரிட்டி வீடுகள் புதுப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் வாரம். வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலில் உதட்டுச்சாயம் வழியாமல் சிரித்துக்கொண்டே வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். நான் மூன்றாம் வருஷ மாணவி. புதுப் பெண்கள் சிலருக்கு வழிகாட்டியாக என்னைப் போட்டிருந்தார்கள். வழிகாட்டி ஆகிறவள் தான் எந்த வீட்டுக்காரி என்பதை வெளியே சொல்லக்கூடாது. வீட்டின் பெயர் போட்ட சட்டையை மாட்டக்கூடாது, சொந்த வீட்டுத் தோழிகளிடம் வாய் திறக்கக்கூடாது. வாரம் முடியும்வரை சாமியார் வாழ்க்கைதான்.

முதல் நாள் கூட்டம் முடிந்து மற்றப் பெண்கள் போன பிறகும் ஹாலிஸ் மட்டும் நாற்காலியை மடக்கி வைக்கிற சாக்கில் நின்றாள். ஒல்லியான பெண். பிரையர் க்ரீக் என்கிற சின்ன ஊர். மரம் அறுக்கும் ஆலையைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது.

"கோராலி, ஒண்ணு கேக்கலாமா? என் ஸ்கூல் சராசரி ரெண்டு புள்ளி ஆறு. அதனால ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். நான்குக்குக் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பெரிய வீடுகளில் கம்ப்யூட்டரே பெயரைக் கழித்துவிடும், யாரும் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"எந்த வீடு வேணும் உனக்கு?" என்றேன்.

"வெள்ளத் தூண் வீடு. எங்கம்மா அங்கதான் இருந்தா."

அது என் வீடு. சொல்ல முடியாது.

அவளே சொன்னாள். பதினோராம் வகுப்பில் அவள் அம்மா ரெனேவுக்குக் கணையத்தில் புற்று. அப்பா டுவைட் ராத்திரி முழுக்க மர லாரி ஓட்டுகிறவர், பகலில் தூங்கியாக வேண்டும். பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. இவள்தான் உட்கார்ந்தாள். "அல்ஜீப்ரா பரீட்ச அன்னிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கிச்சு. 'போடி, போய் எழுதிட்டு வா'ன்னா. எப்டிப் போறது? அதுக்கப்புறம் வேதியியல், அதுக்கப்புறம் எல்லாமே போச்சு."

"இதெல்லாம் யார்கிட்டயாவது சொன்னியா?"

"எதுக்குச் சொல்லணும்? அவங்களுக்கே தெரியுமே." அவள் முகம் மலர்ந்தது. "அடக்கத்துக்கு அம்மாவோட வெள்ளத் தூண் வீட்டுப் பொம்பளைங்க அத்தன பேரும் வெள்ள ரோஜாவோட வந்தாங்க. பெட்டியச் சுத்திக் கை கோத்து நின்னு பாடினாங்க. மிஸ் வெர்லின் என் ரெண்டு கன்னத்தயும் புடிச்சு, 'உன் எடம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு கண்ணு'ன்னு சொன்னாங்க. சந்தோஷமா இருந்த ஒரே எடம் அந்த வீடுதான்னு அம்மா சொல்லிட்டே இருப்பா. நான் அங்க இருந்து பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

இழவு வீட்டில் சொல்கிற வார்த்தையை எவளாவது கணக்கில் வைப்பாளா? கோழியும் சோறும் போட்டு வேகவைத்த பாத்திரத்தை நீட்டிக்கொண்டே நாங்கள் என்னவெல்லாமோ சொல்வோம். 'எப்ப வேணாலும் கூப்பிடு' என்போம். கூப்பிட்டால் எடுக்க மாட்டோம். இந்த அசட்டுப் பெண் அதை வாக்காக எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். எனக்கு அவள்மேல்தான் முதலில் எரிச்சல் வந்தது.

மறுநாள் நான் விதியை மீறினேன். மிஸ் வெர்லின் எங்கள் வீட்டின் ஆலோசகர், பழைய மாணவி, ரெனேவோடு ஒரே அறையில் இருந்தவள். சமையலறைப் பின்வாசலில் அவளைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"ரெனே பொண்ணா!" நெஞ்சில் கை வைத்தாள். கண் நிஜமாகவே கலங்கியது. அதுதான் கொடுமை, அவள் நடிக்கவில்லை. "நேத்துப் பாத்தேனே. அதே நட, அதே மூக்கு. எவ்ளோ சேவை பண்ணியிருக்கு அந்தப் புள்ள. ஆண்டவர் அவ மனச ஆசீர்வதிக்கட்டும்."



"விதிவிலக்கு குடுக்கலாம்ல? வருஷத்துக்கு ரெண்டு பேருக்கு உண்டே?"

"குடுத்தாச்சு செல்லம். ஒருத்தி பேட்டன் கோலத் தூக்கிப் போட்டுச் சுத்தற ஆட்டத்துல மாநில சாம்பியன். இன்னொருத்தியோட அப்பாதான் நமக்கு மாடி கட்டித் தந்தவரு. போன வருஷமே நம்ம சராசரி சரிஞ்சு போச்சு. இந்தத் தடவையும் சரிஞ்சா மார்க்குக்குக் குடுக்கற கோப்பை எதிர்வீட்டுக்குப் போயிடும். ரெனே இருந்தா அவளே இதத்தான் சொல்லியிருப்பா." என் முழங்கையைத் தட்டினாள். "நீ இங்க வந்ததே தப்பு. நான் பாக்கல, சரியா?"

இனி நடந்ததைச் சொல்ல ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் சுற்று தொடங்கும் காலையில் வழிகாட்டியிடமிருந்து போன் வந்தால், ஒரு வீடும் உன்னை மறுபடி அழைக்கவில்லை என்று பொருள். போன் வராவிட்டால் நீ பிழைத்தாய். அதனால் அன்று காலை விடுதி முழுக்கப் பெண்கள் படுக்கையில் போனை வைத்துக்கொண்டு, அது பாம்பு மாதிரி அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

ஹாலிஸுக்கு நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். விடுதிக்கு ஓடினேன். அறையில் ஆள் இல்லை. அவளோடு தங்கியிருந்த பெண் கண்ணாடி முன்னால் முடியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அவளா? போன ஆஃப் பண்ணி அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டா. போன் எடுக்கலன்னா கழிச்சுவிட முடியாதாம். லூசு."

வெள்ளைத் தூண் வீட்டுப் புல்வெளியில் வரிசை நின்றது. நான் தெருமுனையில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது கதவு திறந்துவிட்டது. உள்ளே மாடிப்படி வரைக்கும் நெருக்கியடித்து நின்ற எங்கள் பெண்கள் கைதட்டிப் பாட, ஒவ்வொருத்தியாக வெளியே வந்து வரிசையில் உள்ள ஒரு பெண்ணின் பெயரைக் கூவிக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். ஹாலிஸ் நீல உடை போட்டிருந்தாள், இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. முன்னால் நின்றவள் போனாள். பின்னால் நின்றவள் போனாள். இவள் வலது கையைக் கொஞ்சம் நீட்டியபடியே நின்றாள். பாட்டு முடியும்வரை அந்தக் கையை எவளும் பிடிக்கவில்லை.

மிஸ் வெர்லின்தான் படியிறங்கி வந்தாள். ஹாலிஸை நெஞ்சோடு அணைத்து, முதுகைத் தடவி, காதில் ஏதோ சொன்னாள். அணைத்தபடியே அவள் தோளைத் திருப்பித் தெருவைப் பார்க்க நிறுத்தினாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் முழுக்க முகங்கள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன், அவளை என் காரில் உட்கார வைத்த பிறகு.

"அம்மா இருந்தா பெருமப்படுவான்னாங்க." அவள் அழவில்லை. "எதுக்குப் பெருமப்படுவா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினேன். கை வலித்ததுதான் மிச்சம்.

அன்று மத்தியானம் அவள் அப்பா போன் செய்தார். அவள் என் எதிரிலேயே பேசினாள். "நல்லாப் போகுதுப்பா. ஆமா, மறுபடியும் கூப்பிட்டாங்க. மிஸ் வெர்லின் கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க." போனை வைத்துவிட்டு, "அம்மா போனதுக்கப்புறம் அவரு இப்டிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல" என்றாள். ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு ஒன்பது வேண்டும். வாரம் முழுக்க அவள் அந்த ஒன்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முடிவு நாள். புதுப் பெண்கள் மைதானத்தில் எந்த வீடு கிடைத்தது என்ற கவரைப் பிரித்துப் பார்த்து, அலறிக்கொண்டு அவரவர் வீட்டுக்கு ஓடும் நாள். வழிகாட்டிகளும் சாமியார் வேஷத்தைக் கலைத்துச் சொந்த வீட்டுக்குத் திரும்பும் நாள். காலையிலேயே ஹாலிஸ் என் கதவைத் தட்டினாள்.

"உங்க வீட்டுச் சட்ட ஒண்ணு தருவீங்களா? ஒரே ஒரு போட்டோவுக்கு. அப்பா கேக்கறாரு."

"நான் எந்த வீடுன்னு உனக்கு…"

"அன்னிக்கு ஸ்டியரிங்கக் குத்தினீங்களே. அப்பவே தெரியும்."

வெளியாளுக்கு வீட்டுச் சட்டையைக் கொடுத்தால் என்னை நீக்கலாம். நீக்கட்டும் என்று அலமாரியில் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தேன். துவைத்துத் துவைத்து வெளுத்த மஞ்சள் சட்டை. விடுதிக்குப் பின்னால், குப்பைத் தொட்டி தெரியாத இடமாகப் பார்த்து, செங்கல் சுவரோரம் நிறுத்தி நானே படம் எடுத்தேன். நன்றாகச் சிரித்தாள். சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறேன் என்றாள்.

மத்தியானம் எங்கள் புல்வெளியில் திருவிழா. பலூன், பாட்டு, கண்ணீர், கேக். அந்த வருஷத்துக்கென்று அடித்த இளஞ்சிவப்புச் சட்டையில் புதுப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஓரத்தில் ஓக் மரத்தடியில் ஒரு மனிதர் நின்றார். சர்ச்சுக்குப் போடும் கோட்டு, காய்ப்பு ஏறிய கைகள், கடையில் வாங்கிய பூங்கொத்து. கேட்காமலேயே எனக்கு யாரென்று புரிந்துவிட்டது. ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவரே கிட்டே வந்துவிட்டார்.

"மன்னிக்கணும்மா. ஹாலிஸ் டிட்வெல்லத் தெரியுமா? நான் அவ அப்பா. வரேன்னு சொல்லல. திடீர்னு நின்னா சந்தோஷப்படுவாளேன்னு ராத்திரி லோடு எறக்கிட்டு நேரா வந்துட்டேன்."

"உள்ள இருப்பா சார்" என்றேன்.

அவர் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தார். புல்வெளியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"புதுப் புள்ளைங்க எல்லாம் ரோஸ் சட்ட போட்டிருக்கு. இவ மஞ்சள் போட்டிருக்கா."

என் கண் விடுதிப் பக்கம் போனது.

"மார்க்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் பூங்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "ரெனே என்கிட்ட சொன்னா. புள்ளய ஸ்கூலுக்கு அனுப்பு, நான் தனியாக் கெடந்துக்கறேன்னா. நாந்தான் கேக்கல. நீ உக்காரு கண்ணு, அப்பா வந்துர்றேன்னு சொல்லிச் சொல்லி உக்கார வெச்சேன்." வெள்ளைத் தூண் வீட்டுக் கதவைப் பார்த்தார். உள்ளே யாரோ யாருடைய பெயரையோ கூவினார்கள்.

"விடுதியிலதான் இருக்கா சார். நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க."

"வேணாம்மா." பூங்கொத்தை என் கையில் கொடுத்தார். "நான் வந்தேன்னு அவகிட்டச் சொல்லிடாத. வண்டிய வெளியூர்ல எங்கயாவது நிறுத்திட்டுப் போன் பண்றேன். படம் வந்துச்சு, ஊருக்கே காட்டிட்டேன்னு சொல்றேன்."