கண்ணை மூடிப் பேசுகிறவர்கள்

தொலைக்காட்சியில் மைனா வந்துவிட்டால் அவன் அக்கா வீட்டில் முதலில் கேட்பது அத்தானின் சிரிப்புதான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி எச்சரித்த நாட்களும் உண்டு. மைனா என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். யாரைப் பார்த்தாலும் அடுத்த நிமிடம் அவரைப் போலவே பேசிக் காட்டுவான். சின்ன வயதில் அதற்காக வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. வளர்ந்த பிறகு அதுவே அவனுக்குச் சோறு போட்டது.

வாரம் ஒரு முறை, அரை மணி நேர நகைச்சுவை நிகழ்ச்சி, பிழைக்கப்போன வெளிநாட்டில், அந்த ஊர்க்காரர்களின் மொழியில். ஐந்து நடிகர்களில் நம் ஆள் என்று அவன் ஒருவன்தான். சேர்ந்த புதிதில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் கதவைத் திறந்துவிடுகிற வேடமும் பெட்டி தூக்குகிற வேடமும்தான். எழுதுகிறவர்களும் நடிக்கிறவர்களும் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அறை எதற்குச் சிரிக்கிறதோ அது நிற்கும், சிரிக்காதது அங்கேயே செத்துப்போகும். மைனா சொன்னதெல்லாம் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் தலைமை எழுத்தாளர், நல்ல மனுஷிதான், "உங்க வீட்டு ஆளுங்க எப்படி? சிரிக்கிற மாதிரி ஏதாவது இருக்குமே?" என்று கேட்டாள். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது அத்தான்தான்.

அத்தான் பேருந்து ஓட்டுநர். தமிழில் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த ஆள் வேண்டும். அந்த ஊர் மொழியில் பேசும்போது மட்டும், கடினமான சொல் வருகிற இடத்தில் நின்றுவிடுவார். இரண்டு கண்ணையும் இறுக மூடி, ஆட்காட்டி விரலை உயர்த்தி, உள்ளே எங்கேயோ போய் அந்தச் சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார். கிடைத்ததும் கண் திறக்கும், முகம் மலரும். சொல்லும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

மைனா எழுந்து நின்று அதைச் செய்து காட்டினான். அறையே குலுங்கியது. அவருக்கு என்ன வேலை என்று ஒருத்தி கேட்டாள். சொன்னான். "பஸ் ஓட்டிக்கிட்டே கண்ணை மூடினா?" என்றான் இன்னொருவன். அவ்வளவுதான், பஸ் மாமா பிறந்துவிட்டார். பயணி ஒருத்தி, இந்த வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகுமா என்று கேட்பாள். பஸ் மாமா கண்ணை மூடுவார், விரலைத் தூக்குவார், பேருந்து ஒரு பழக்கடைக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியே வரும். பிறகு கண்ணைத் திறந்து, "நிச்சயமாக" என்று பல்லைக் காட்டுவார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. கதவு திறக்கிற வேடம் அன்றோடு போயிற்று.

முதல் பஸ் மாமா ஒளிபரப்பான அன்று அக்கா வீட்டில்தான் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். மைனா அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலை கிடைக்கும்வரை அந்த வீட்டு முன்னறைச் சோபாவில்தான் படுத்துக் கிடந்தான், அத்தான் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அவர் தொடையைத் தட்டிச் சிரித்து முடித்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "யாரு மச்சான் அந்த ஆளு?" என்று கேட்டார்.

"சும்மா கற்பனைதான் அத்தான்."

"பலே கற்பனை," என்றார். அக்கா எழுந்துபோனாள். சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன.

எல்லோரும் அத்தான் இல்லை. பல்லைக் காட்டப்போன இடத்தில், நம் ஆட்களில் ஒருத்தியான பல் டாக்டர், அவன் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு பிடித்துக்கொண்டாள். அவன் நிகழ்ச்சி வந்த மறுநாள் ஒரு நோயாளி, 'கண்ணை மூடிக்கிட்டுத் துளை போட்டுடாதீங்க' என்று சொல்லிச் சிரித்தாராம். வாய் கொப்பளித்த பிறகுதான் மைனாவுக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. இதற்கு அவனிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்.

"நம்மள நாமே கிண்டல் பண்ணிக்கிட்டா, அடுத்தவன் பண்ண என்னங்க மிச்சம் இருக்கும்? அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும்."

"நீங்க உங்களையா பண்ணிக்கிறீங்க?" என்றாள் டாக்டர். "சரி, வாயத் திறங்க."

அத்தான் மேல் புகார் வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு பேருந்தை ஓட்டினார் என்று யாரோ ஒரு பயணி பணிமனைக்கு எழுதிப் போட்டுவிட்டார். எத்தனையோ வருடமாக ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டிய மனிதர். ஓட்டும்போது பக்கத்தில் இடியே விழுந்தாலும் சாலையிலிருந்து பார்வையை எடுக்கமாட்டார். விசாரணை முடிகிறவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லி, வண்டி கழுவுகிற கொட்டகையில் தண்ணீர்க் குழாயைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா போன் செய்தாள். "விசாரணைக்கு நீயும் கூடப் போ. கோபம் வந்தா அவருக்குப் பேச்சு வராது. உனக்குத்தான் அவங்க மொழி தண்ணி பட்ட பாடாச்சே." பிறகு, "இந்தப் புகார் எங்கேருந்து முளைச்சுதுன்னு உனக்குத் தெரியும். அதை அங்க சொல்லு, போதும்," என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அவனுக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் அவள் சொன்னது நியாயம். சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: 'பேசும்போது கண்ணை மூடுவது இவர் பழக்கம், அதை வண்டி ஓட்டும்போது என்று மாற்றியது என் வேலை.' இதைச் சொன்னால் புகார் தானாக விழுந்துவிடும். வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். அத்தான் இஸ்திரி போட்ட சீருடையில், கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, பக்கத்தில் நடந்து வந்தார். அவர் காதுபட அதைச் சொல்லவேண்டும் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அறையில் பணிமனை மேலாளரும் பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு பெண்ணும் இருந்தார்கள். மைனாவைப் பார்த்ததும் மேலாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எங்க வீட்டுப் பிள்ளைங்க நம்பவே மாட்டாங்க!" என்று தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் விழாமல் அத்தான் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பிறகு விசாரணை. "வண்டி ஓட்டும்போது கண்ணை மூடினீங்களா?" என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

இல்லை என்று சொன்னால் முடிந்திருக்கும். அத்தானுக்கு அது போதவில்லை. அடிப்படையே இல்லாத குற்றச்சாட்டு என்று அவர்கள் மொழியிலேயே, அதற்குரிய பெரிய சொல்லைப் போட்டுச் சொல்லவேண்டும் என்று நினைத்தார். சொல்லைத் தேடிப் போனார். கண் இறுக மூடியது. விரல் உயர்ந்தது.

மேலாளரின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். அத்தான் சொல்லோடு திரும்பி வந்து கண்ணைத் திறந்தபோது இரண்டு பேரும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். சொல் சரியான சொல்தான். கேட்கத்தான் ஆள் இல்லை.

மேலாளர் மைனாவின் பக்கம் சாய்ந்து, "அப்போ இவர்தானா அது?" என்றார்.

வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. அத்தானும் அவனைத்தான் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று சொல்ல மைனாவுக்கு நா எழவில்லை.

"இவர்னு இல்ல சார்," என்றான் கையை விரித்து. "எங்க ஆளுங்களே அப்படித்தான். நாங்க எல்லாருமே கண்ணை மூடிக்கிட்டுத்தான் பேசுவோம்!" சொல்லிவிட்டுத் தானும் கண்ணை மூடி விரலைத் தூக்கிக் காட்டினான்.

மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு வந்தால் பிழைத்தோம் என்பதுதான் மைனா படித்த பாடம். அத்தானைக் காப்பாற்றிவிட்டோம், அவர் மனமும் நோகவில்லை என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெண் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எல்லாருமேவா?" என்று கேட்டாள். அத்தான் சிரிக்கவே இல்லை. பஸ் மாமாவுக்கு அவர் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை, தன் வேலையைச் செய்தாள். அடுத்த வாரமே உத்தரவு வந்தது. அந்தப் பணிமனையில் நம் ஆட்கள் எத்தனை பேர் வண்டி ஓட்டுகிறார்களோ அத்தனை பேருக்கும் மறுபடி சோதனை. பக்கத்தில் ஒரு பரிசோதகர் உட்கார்ந்து கேள்வி கேட்பார், ஓட்டிக்கொண்டே பதில் சொல்லவேண்டும், கண் திறந்திருக்கவேண்டும்.

அக்கா போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். சோதனை நாளன்று மைனா தானாகவே கிளம்பிப்போய், பணிமனைக் கம்பிவேலிக்கு வெளியே நின்றான். உள்ளே வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓய்வு பெறுகிற வயதில் ஒரு தாடிக்காரர், நேற்றுச் சேர்ந்த ஒருவன், பிறகு அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண். அவளுக்குத் தமிழ்தான் தடுமாறும், மேலாளரின் மொழியை மேலாளரைவிட நன்றாகப் பேசுவாள். அவளும் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். மைனாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பான், அதுதான் தயாராக இருக்கிறதே.

தாடிக்காரர் வண்டியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வேலியோரமாக வந்தார். பரிசோதகர் ஏதோ கேட்கிறார். இவர் இமைக்கக்கூடப் பயந்து கண்ணை அகல விரித்து வைத்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கையை எடுக்கவும் பயம். மைனா பிடித்திருந்த வேலிக் கம்பியை விட்டான். ஓடிவிடலாம் போலிருந்தது.

அத்தான் தன் முறையை முடித்துவிட்டு வேலிப் பக்கம் வந்தார்.

"என்ன அத்தான் சொன்னாங்க?"

"ஓட்டலாம்னுட்டாங்க. கேட்டதுக்கெல்லாம் ஆமா, இல்லன்னே சொல்லிட்டு வந்துட்டேன்."

"நான் அன்னிக்கு உங்களுக்காகத்தான்... உங்க முன்னாடி அதைச் சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"அது நான்தான்னு எனக்கு முதல் நாளே தெரியும் மச்சான். கண்ணை மூடிக்கிட்டா நான் எப்படி இருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்கக்கா பாத்திரத்தை உருட்டினாளே, அதுல தெரிஞ்சுக்கிட்டேன்." லேசாகச் சிரித்தார். "நம்ம வீட்டுப் பையன் என்னைக் கிண்டல் பண்றான், பண்ணட்டுமேன்னுதான் சிரிச்சேன். நெஜமாவே சிரிப்பாத்தான் இருந்துச்சு."

மைனா தலையைக் குனிந்துகொண்டான்.

"இவர்தானான்னு அந்த ஆளு கேட்டார்ல? ஆமான்னு சொல்லியிருக்கலாமே. என் ஒருத்தனோட போயிருக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடையில் மீதிச் சில்லறை வாங்க மறந்தவனிடம் சொல்வதுபோலச் சொன்னார். இவரை நோகடிக்கக்கூடாது என்று நினைத்தேன் என்பதே பொய் என்று மைனாவுக்கு அப்போது புரிந்தது. தன்னை அவர் எப்படிப் பார்ப்பார் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அந்தப் பயத்துக்கு விலையாக வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் கொடுத்துவிட்டான். உடம்பெல்லாம் அவமானமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பரிசோதகர் வண்டியிலிருந்து இறங்கினார். அடுத்து அங்கேயே பிறந்த பெண்ணின் முறை. அவள் ஏறப்போகும்போது, வேலிக்கு வெளியே நிற்பவன் யார் என்று பரிசோதகருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் மலர, இரண்டு கண்ணையும் இறுக மூடி, விரலை உயர்த்தி, அவனுக்குச் சிநேகமாக ஒரு வணக்கம் வைத்தார்.

தொழில் பழக்கம். மைனா தடுப்பதற்குள் அவன் முகம் பதிலுக்குச் சிரித்துவிட்டது. வரிசையில் நின்ற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அத்தான் மட்டும், அவன் சிரித்ததைத் தான் கவனிக்கவில்லை என்பதுபோல, மெதுவாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.