ஐஸ் ஃபாக்டரிப் படத்தில் ஓரமாக நிற்பவள்

ஐஸ் ஃபாக்டரி திறந்த அன்று எடுத்த படத்தில் நடுநாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் வங்கி ஏஜெண்ட், இடப்பக்கம் மேனேஜர், மேனேஜர் மடியில் அவருடைய மகன். பின்னால் மெக்கானிக்குகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வலது ஓரத்தில், ஒரு காலை ஐஸ் கட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, மேனேஜரின் மூத்த மகள். இந்தப் படம் இணையத்தில் ஏறி ஊரெல்லாம் சுற்றிய வாரத்தில், அந்த மூத்த மகளை அவள் கணவரே வாசலில் நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று கேட்டார்.

படத்தை ஏற்றியவர் மடியில் இருந்த அந்தப் பையன்தான். இப்போது தலை நரைத்து, மருந்துக்கடை வைத்திருக்கிறார். பெயர் ஒட்டாத டப்பா அவர் கடையில் ஒன்றுகூடக் கிடையாது. ஊரின் பழைய படங்களுக்கென்று இருந்த பக்கத்தில் இதைப் போட்டபோதும் ஒவ்வொருவர் பெயரையும் வேலையையும் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவர், ஓரத்தில் வந்ததும் நின்றார். அக்கா ஃபாக்டரி லாரி டிரைவரோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். அப்பா கடைசிவரை அவளைத் தலைமுழுகியே வைத்திருந்தார். தம்பி மட்டும் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து அவர் மகளுக்கு ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கத்தை விடாமல் பார்க்கிறவர்கள். ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கலாம். வெறுமனே விடக் கை வரவில்லை. 'யாரெனத் தெரியவில்லை' என்று எழுதினார்.

பார்த்தவர்கள் முதலாளியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கேட்டார்கள். கேட்டுக்கேட்டுப் பகிர்ந்தார்கள். பகிரப் பகிர, அக்கா குடியிருந்த வேறோர் ஊரில் முதலில் பால்காரருக்கும், பிறகு பக்கத்து வீட்டுக்காரிக்கும், கடைசியில் கணவருக்கும் அவளைத் தெரியாமல் போயிற்று. அவர் மரியாதை தெரிந்த மனுஷர். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இத்தன வருஷத்துல எனக்கு ஒரு டீ போட்டுத் தந்ததில்லடா உங்க அத்தான்," என்றாள் அக்கா போனில். "இப்ப விருந்தாளின்னு வேளாவேளைக்கு வருது. வீட்டுக்காரி வந்துருவா, இருங்கம்மாங்கிறார். நான்தான்யா அந்த வீட்டுக்காரின்னா சிரிக்கிறார்."

தம்பி கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"படத்துக்குக் கீழ என்ன எழுதின?"

"உன் பேர எழுதலக்கா."

"எழுதலையா, தெரியலன்னு எழுதினியா?"

அன்றே திருத்தினார். ஆனால் ஊர் ஊராகப் போன பிரதிகள் பழைய வரியோடுதான் போயிருந்தன. யாரோ வண்ணம் ஏற்றியும் விட்டிருந்தார்கள். பக்கத்தை நடத்துகிறவர், "போனது போனதுதான் சார்" என்றார். மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்து அத்தானுக்குக் கைப்படக் கடிதம் எழுதினார்: தங்கள் வீட்டில் இருப்பவர் தங்கள் மனைவி, என் உடன்பிறந்த மூத்தவர். அத்தான் படித்து முடித்துத் தலையைத் தூக்கி, "எங்கடி போயிருந்த இத்தன நாளா?" என்று அவளைத்தான் திட்டினார். அன்றோடு டீயும் நின்றது.

கடிதத்தின் வேகம், படம் அடுத்த சுற்றுக் கிளம்பும்வரைதான். அப்புறம் புதிதாக எழுத வேண்டும். பழையதைக் காட்டினால் வேலை செய்யாது. மகள் கல்யாணம் நன்றாகவே நடந்தது. அக்காளைக் கூப்பிடவில்லை. பிறகு மாப்பிள்ளை வீட்டாரே ஒருநாள், படத்தில் இருப்பது உங்கள் அக்காளாமே, எங்களுக்கு அப்போதே தெரியும், கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கலாமே என்றார்கள். அக்காளிடம் அதை அவர் சொல்லவில்லை. கடிதங்கள் மட்டும் தவறாமல் போயின. தபால்காரர் அவற்றை மாத்திரை அட்டை மாதிரி எண்ணிப் பழகிக்கொண்டார்.

போன வாரம் கடைக்கு ஒரு போன் வந்தது. "நான்தான்டா," என்றது ஒரு பெண்குரல். "நீங்க யாருங்க?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். "நீயுமாடா," என்று சொல்லி வைத்துவிட்டாள். அது யாரென்று சாயங்காலம் மனைவி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் இந்தத் தடவை ஒரே கடிதத்தை இரண்டாக எழுதினார். ஒன்றை அத்தானுக்கு ஒட்டினார். மற்றதில் தன் பெயரையும் கடை முகவரியையும் திருத்தமாக எழுதி, பசை தடவி அழுத்தி, இரண்டையும் சேர்த்தே தபால் பெட்டியில் போட்டார்.