மூன்றாம் எண் மாப்பிள்ளை

“என் புள்ள எங்கடா? சொல்லு, என் புள்ளய எங்க தூக்கிப் போட்ட?”

தலையின் வலப்பக்கம் ரோலர்கள், இடப்பக்கம் சொட்டுகிற ஈர முடி. அந்தக் கோலத்திலேயே தோன்யா புரிசிமா என் சலூன் நாற்காலியை விட்டு எழுந்து, கழுத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் துணி பறக்க, பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். கையில் போன். போனில் அவள் மகன் எலியேசரின் திருமண அழைப்பு. சர்ச் சரி, சனிக்கிழமை சரி, மண்டபம் சரி, மணப்பெண் யொகாஸ்தா, அதுவும் சரி. மாப்பிள்ளை மட்டும் வேறு ஆள்.

“வாஸ்கராம். அரிசி லாரி ஓட்டறவன். அவனுக்கும் என் மருமகளுக்கும் என்னடா சம்பந்தம்?”

“தோன்யா, கொஞ்சம் உக்காருங்க, பாக்கறேன்,” என்றான் அந்த அழைப்பைச் செய்த நெஃப்தாலி. மூத்த பெண்களை எங்கள் ஊரில் தோன்யா என்றுதான் கூப்பிடுவோம்.

“உக்காந்தா என் பேரு திரும்பி வந்துருமா? மாப்பிள்ளையின் தாயார்னு போட்டு யாரு பேரு இருக்கு பாரு. எர்மிதானியா. அந்த எர்மிதானியா எப்படா எலியேசரப் பெத்தா? நான் எங்கடா போயிருந்தேன் அப்ப?”

மகனைக் காணவில்லை என்று கத்தினாலும் அவளுக்கு எரிந்தது இந்த எர்மிதானியாதான். மாப்பிள்ளை மாறியதைக்கூட இரண்டாவதாகத்தான் கவனித்தாள் என்று நான் சத்தியம் செய்வேன். அவள் தலை என் கைக்குள் இருந்தபோதுதானே அழைப்பைத் திறந்தாள்.

நெஃப்தாலிக்கு என் பின்னறை வாடகைக்குப் போனது அவனுடைய குணத்துக்காக இல்லை, என்னுடைய இன்வெர்ட்டருக்காக. எங்கள் மகோரிஸ் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்பது கரண்டுக்கே தெரியாது. என் ட்ரையர்கள் நிற்கக் கூடாதென்று பெரிய பேட்டரியாக வாங்கிப் போட்டேன். அவனுடைய கம்ப்யூட்டரும் அதிலேயே தொற்றிக்கொண்டது. கல்யாணம், பதினைந்து வயது விழா, ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் பிஎச்பி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அழைப்புப் பக்கம் செய்து தருவது அவன் பிழைப்பு. விருந்தாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனி லிங்க். திறந்தால் பக்கம் அவரைப் பேர் சொல்லி வரவேற்கும். “யாரு எப்ப தொறந்து பாத்தாங்கன்னுகூட எனக்குத் தெரியும்,” என்று வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பீற்றிக்கொள்வான். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு ப்ளைவுட் தடுப்புதான். நான் ஒட்டுக்கேட்பதில்லை. ப்ளைவுட் மெலிது, அதற்கு நான் என்ன செய்ய.

இந்த நேரம் பார்த்து எலியேசரின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. கல்யாணத்துக்கு முன் ஒருமுறை கொண்டை போட்டுப் பார்ப்பதற்காக யொகாஸ்தாவைக் கூட்டி வந்திருந்தான். இரும்புக்கடையில் வேலை. நட்டு போல்ட்டை அளந்து அளந்து பேச்சும் அளவாகிவிட்ட பையன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னறை வாசலில் நின்றான். புரிசிமா எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கத்தினாள். பாதிக் கத்தலில் யொகாஸ்தா, “யாரு பேரு இருக்குதாம், அத்தை?” என்று கேட்டாள்.

கேள்வி சரியான கேள்விதான். கேட்ட விதம்தான் தேவைக்குமேல் தெளிவாக இருந்தது.

நான் யாரைப் பற்றியும் பேசுகிறவள் இல்லை. ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க வாஸ்கரின் லாரி எங்கள் மூலைக்கடைக்கு எதிரில் இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருக்கும். யொகாஸ்தா வீட்டில் அந்த மழைக்காலத்தில்தான் தினமும் உப்பு தீர்ந்துபோகும். பிறகு மழை விட்டது, லாரி நகுவா ஊர்ப் பக்கம் போனது, உப்பு தீர்வதும் நின்றது. இப்போது அதே வாஸ்கருக்கும் தெயனிரா என்ற பெண்ணுக்கும் கல்யாணம், இவர்களுடையதற்கு இரண்டு வாரம் கழித்து. அதே சர்ச், அதே மண்டபம். அதனால்தான் நெஃப்தாலி சோம்பேறித்தனப்பட்டு யொகாஸ்தாவின் அழைப்பை அப்படியே நகல் எடுத்துத் தெயனிராவுக்குத் திருத்தியிருக்கிறான்.

“வேணும்னே செஞ்சிருக்க. யாரோ உனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க,” என்றாள் புரிசிமா.

“ஐயோ தோன்யா, யாரும் சொல்லலை. இங்க பாருங்க. இதுக்குப் பேரு அரே. மூலைக்கடை அலமாரி மாதிரி வச்சுக்கங்க. ஒரு தட்டுல சர்ச் பேரு, ஒரு தட்டுல மண்டபம், ஒரு தட்டுல பொண்ணு பேரு. இந்த அலமாரி மாதிரி இன்னொண்ணு குடுன்னு கேட்டா பிஎச்பி தனியா ஒண்ணு குடுத்துரும். அதுல எதை மாத்தினாலும் இதுல மாறாது. அங்க தெயனிரான்னு போட்டேன், இங்க யொகாஸ்தா பத்திரமாதான இருக்கா?”

“அவ இருக்கா. என் புள்ள?”

“அவரு ஆப்ஜெக்ட்.”

“யாரு, என் புள்ளயா?”

ட்ரையருக்கு அடியிலிருந்த இரண்டு பெண்கள் தலையை வெளியே எடுத்துவிட்டார்கள்.

“பேரு, அப்பா, அம்மா, போட்டோ, எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்னு போன மாசம் மாப்பிள்ளைய மட்டும் ஆப்ஜெக்ட்டா மாத்தினேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான எப்பவும் பேரு விட்டுப்போச்சுன்னு சண்டைக்கு வர்றீங்க. பொண்ணையும் மாத்தறதுக்குள்ள சாப்பிடப் போயிட்டேன், அப்படியே விட்டுப்போச்சு. ஆப்ஜெக்ட்ட தட்டுல வைக்க முடியாது தோன்யா. அது ஒரு வீடு. தட்டுல அந்த வீட்டு விலாசம் எழுதின சீட்டுதான் இருக்கும். அலமாரிய நகல் எடுத்தா சீட்டுதான் ரெண்டாகும். வீடு ஒண்ணுதான். நான் தெயனிரா சீட்ட வச்சுக்கிட்டுப் போயி கதவுல வாஸ்கர்னு எழுதிட்டு வந்துட்டேன். இப்ப யொகாஸ்தா சீட்ட எடுத்துக்கிட்டு யாரு போனாலும் அதே கதவுதான், அதே ஆள்தான்.”

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டான். வாசலில் எலியேசர் ஹெல்மெட் வாரின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். டிக். டிக்.

“இதெல்லாம் கதை,” என்றாள் புரிசிமா.

அப்போது நெஃப்தாலி எதையோ தட்டினான். திரையில் வெள்ளை எழுத்துகள் கொட்டின. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் மெஷினே ஒரு எண் போடுமாம். யொகாஸ்தாவின் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் விரலை வைத்தான். மூன்று. தெயனிராவின் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தான். மூன்று. புரிசிமா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டாள். எண் என்று வந்துவிட்டால் அவளால் மறுத்துப் பேச முடியாது, ஞாயிறு தவறாமல் லாட்டரி வாங்குகிறவள்.

“இப்ப பாருங்க.” நகல் எடுக்கிற வரிக்குக் கீழே ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தான், வீட்டையும் சேர்த்து இரண்டாக்கச் சொல்லும் சொல். மறுபடி தட்டினான். மூன்று, ஐந்து. அவளுடைய போனை வாங்கிப் பக்கத்தைப் புதிதாகத் திறந்தான். எலியேசர் வந்தான். மாப்பிள்ளையின் தாயாராகப் புரிசிமாவும் வந்தாள். எர்மிதானியா தன் சொந்த மகனிடமே திரும்பிப் போய்விட்டாள்.

“ஒரு வார்த்தைக்காடா இவ்வளவு?” என்று புரிசிமா முணுமுணுத்தாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது. பெண்கள் ட்ரையருக்குள் தலையைத் திரும்ப நுழைத்துக்கொண்டார்கள். புரிசிமா நாற்காலிக்குத் திரும்பினாள், நானும் சீப்பை எடுத்தேன். எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. யாரும் எதுவும் கேட்காதபோது, பேச்சு முடிந்த நிம்மதியில், யொகாஸ்தா கேட்டாள்:

“அந்த நீலச் சட்டை போட்டோவும் போயிருச்சா?”

புரிசிமா டேட்டா செலவாகும் என்று போனில் படங்களை நிறுத்தி வைத்திருப்பவள். அவள் திரையில் மாப்பிள்ளை முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். நெஃப்தாலியின் திரையில் வெறும் எழுத்து. நீலம் என்றோ சட்டை என்றோ அந்த அறையில் யார் வாயிலும் வரவில்லை.

கொக்கிச் சத்தம் நின்றது.

“எப்பலேர்ந்துப்பா இப்படி இருந்துச்சு?” எலியேசர் நெஃப்தாலியைத்தான் கேட்டான்.

“செவ்வாக்கெழமலேர்ந்து.”

அன்றைக்கு வெள்ளி. எலியேசர் யொகாஸ்தாவைப் பார்த்தான். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், கண்ணாடிக்குள் நான் இருந்தேன், நான் சீப்பைப் பார்த்தேன். புரிசிமா மட்டும், “என்ன சட்டை? என்ன சொல்றா இவ?” என்று தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்பினால் ரோலர் அவிழும் என்று அவளை அழுத்தி உட்கார வைத்தேன்.

அம்மாவையும் பெண்ணையும் வீட்டில் விட்டுவிட்டு மாலையில் எலியேசர் தனியாகத் திரும்பி வந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனான். ட்ரையர் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அணைத்தேன். “இன்னும் காயலையே?” என்றாள் உள்ளேயிருந்த பெண். “காஞ்சிருச்சு, பேசாம இரு,” என்றேன்.

“யாரு எப்ப தொறந்தாங்கன்னு உனக்குத் தெரியும்ல?”

தட்டச்சுச் சத்தம் நின்றது.

“அதெல்லாம் சும்மா, ஆளு புடிக்கறதுக்குச் சொல்றதுப்பா.”

“எதுவும் பதிவாகாதா?”

“ஒண்ணும் ஆகாது.”

டிக். டிக்.

“நீலச் சட்டைன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

“வாஸ்கர் எப்பவும் நீலம்தானப்பா. லிசே பேஸ்பால் டீம் பைத்தியம், அவங்க கலர்தான நீலம். ஊருக்கே தெரியும்.”

ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி தேயும் சத்தம் கேட்டது. பிறகு எலியேசர் சொன்னான், “நானும் லிசேதான்.”

அவன் போனபின் உள்ளே எட்டிப் பார்த்தேன். நெஃப்தாலி திரையை அணைத்துவிட்டு இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். எதையும் அழிக்கிறவன் இல்லை அவன், எல்லாம் பதிவாகும் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன் என்று எங்கள் தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். அந்த ஒரு செய்தியை மட்டும் நான் விழுங்கிவிட்டேன், இதோ இன்றுவரைக்கும்.

சனிக்கிழமை காலை யொகாஸ்தா சீக்கிரமே வந்துவிட்டாள். கொண்டை போட்டு ஊசி செருகி முடித்தேன். தலையை ஆட்டிப் பார்த்தாள். “இன்னும் இறுக்குங்கக்கா.”

“வலிக்கும்டி.”

“பரவால்ல. ஒரு முடிகூட ஆடக் கூடாது.”

இறுக்கினேன். கண் ஓரம் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு. மேலே ஸ்ப்ரேயை அடித்தபோது கண்ணை மூடிக்கொண்டாள், அடித்து முடித்த பிறகும் திறக்கவில்லை. மடியில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

கல்யாணம் நடந்தது. புரிசிமா முன்வரிசையில் உட்கார்ந்து, அழைப்பில் தன் பேர் இருக்கும் இடத்தைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். இரண்டு வாரம் கழித்து வாஸ்கருக்கும் தெயனிராவுக்கும் நடந்தது. யொகாஸ்தாவுக்கு அன்று காய்ச்சல் என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, உடம்பு சூடாக இருந்ததா என்று சொல்ல முடியாது. வாஸ்கர் மனைவியோடு நகுவாவுக்கே போய்விட்டான். இப்போது சொந்த லாரி. எலியேசரும் யொகாஸ்தாவும் அந்த டிசம்பருக்குள் சந்தியாகோவுக்குக் குடிபோனார்கள். அங்கே இதைவிடப் பெரிய இரும்புக்கடையில் வேலை கிடைத்ததாம். இங்கே இருந்த கடையிலும் சம்பளம் குறைவில்லை என்று கடைக்காரர் மனைவி என்னிடம் சொன்னாள். புரிசிமா வாராவாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து, மகன் போன் பண்ணுவதில்லை என்று மூக்கைச் சிந்துகிறாள். நெஃப்தாலி அவளுடைய தங்கை மகளையே கட்டிக்கொண்டான். அவன் கல்யாணத்துக்கு அழைப்பு காகிதத்தில்தான் அச்சடிக்க வேண்டும் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். அச்சுக்குப் போகுமுன் புரிசிமாவே உட்கார்ந்து மாப்பிள்ளை பேரை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்.

சென்ற மாதம் ஒரு மாலை, மழை பிடித்துக்கொண்டு வாடிக்கை யாரும் வரவில்லை. காபி எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். எதையும் அழிக்காத நெஃப்தாலி, கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோய், பழைய கல்யாணப் பக்கங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான்.

“இதுல ஒண்ணு மட்டும் யாரோ இன்னும் தொறந்துட்டே இருக்காங்கக்கா.”

எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். யொகாஸ்தாவின் லிங்காகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததற்கு என்னைக் குறை சொல்ல முடியாது.

வரிசையாக எலியேசர், எலியேசர், எலியேசர். மாப்பிள்ளைக்கும் ஒரு லிங்க் கொடுத்திருந்தான் போலிருக்கிறது. பெரும்பாலும் இரும்புக்கடை மூடுகிற நேரம். பக்கத்தைத் திறந்து காட்டினான். யொகாஸ்தா, எலியேசர், சனிக்கிழமை, சர்ச், மண்டபம். தேய்த்த வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு கேமராவை முறைக்கும் ஒரு பையன்.

“அழிச்சுரவா?” என்றான் நெஃப்தாலி.

அப்போது கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டானது. இன்வெர்ட்டர் ஒருமுறை டிக் என்றது. திரை மட்டும் அப்படியே வெளிச்சமாக இருந்தது, படத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பட்டியலில் எல்லா வரிகளுக்கும் மேலே, நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புதிதாக ஒரு வரி வந்து உட்கார்ந்தது: எலியேசர்.