மாமன் வீட்டு மடி

வீட்டை விட்டுக் கிளம்பிய சீர்த்தட்டு, வாங்குகிறவள் கைக்குப் போய்ச் சேரும்வரை தரையில் படக் கூடாது. மீனாட்சிபுரம் குப்பண்ணன் குடும்பத்தில் அதுதான் வழக்கம். விமான நிலையத்தில் தட்டைச் சோதனை எந்திரத்துக்குள் அனுப்பச் சொன்னபோதே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி, நகரும் படியில் போனது. இரண்டு கையிலும் தட்டு இருக்க, பிடித்துக்கொள்ளக் கை ஏது? கால் இடறி, முழங்கால் படி விளிம்பில் மோதியது. பட்டுப்பாவாடையும் கம்மலும் வைத்த தட்டு மட்டும் தலைக்கு மேலே ஆடாமல் நின்றது.

அதன்பிறகு வந்த உபசாரம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. விமானக் கம்பெனிப் பெண் ஜெஸ்னா ஓடி வந்தாள். தண்ணீர் வந்தது, ஐஸ் வந்தது, பேண்டேஜ் வந்தது, கடைசியில் சக்கர நாற்காலியும் வந்தது.

"இதுல உக்காருங்கய்யா. நான் தள்ளிட்டுப் போறேன்."

"அதை எடுத்துட்டுப் போ அம்மிணி. எங்க ஊட்டுல யாரையும் தள்ளிட்டுப் போனதில்லை."

"சரிங்கய்யா. அப்ப தட்டையாவது கொடுங்க."

"அதெப்படிக் கொடுக்கறது!"

அவள் கோபப்படாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படிக் குழைந்து நிற்பவளை என்ன செய்வது?

பெங்களூரில் மறுநாள் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து. பிள்ளையை மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மாமனான பிரதீப்புக்குக் கனடாவில் லீவு கிடைக்கவில்லை. அதனால் மகனுக்குப் பதில் குப்பண்ணனே போகிறார். இவரும் போகாவிட்டால், பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் மகன் கோபிநாத், பெங்களூரிலேயே மடியைத் தயாராக வைத்திருக்கிறான்.

அதற்குள் மகள் செல்வப்பிரியா போனில் வந்தாள்; கூட வந்த மனைவி காளியாத்தாள் அதை அவர் காதில் வைத்தாள். "அப்பா, அம்மா சொன்னாங்க. முடியலைன்னா ஊட்டுக்குத் திரும்பிடுங்க. கோபியண்ணன் உக்காந்துக்கறேங்கறாரு."

"அவன் மடியில உக்காரவெச்சா, நான் செத்துட்டேன்னு அர்த்தம்!"

போனிலிருந்து காதை விலக்கிக்கொண்டு நடந்தார். நாலடி வைப்பதற்குள் முழங்கால் பூசணி போல வீங்கியது.

காளியாத்தாளுக்குப் பொறுமை போனது. "ஏனுங்க, இந்தக் காலை இன்னும் நடந்து கெடுத்தீங்கன்னா நாளைக்குப் புள்ளையை எங்க உக்காரவெப்பீங்க? தலையிலயா? வறட்டு ரோசம் வேணுமா, மடி வேணுமா? இப்பவே சொல்லுங்க."

குப்பண்ணன் ஜெஸ்னாவைப் பார்த்தார். அவள் எங்கோ பார்ப்பதுபோல் நின்றாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எல்லாருக்கும் முன்னால் விமானத்தில் ஏற்றினார்கள். பிணத்துக்கு வழிவிடுவதுபோல் சனம் ஒதுங்கியதில் அவருக்கு உடம்பு கூசியது. ஜெஸ்னா கால் நீட்ட வசதியாக முன் வரிசையில் இடம் மாற்றிக் கொடுத்து, இறங்குமிடத்துக்கும் சொல்லிவைத்தாள்.

"எந்த ஊரு அம்மிணி?"

"வண்டிப்பெரியாறுங்கய்யா."

"எங்க ஊர்ப்பக்கம் வந்தா சாப்பிடாமப் போகக் கூடாது." கட்டளை போலச் சொன்னார். அவருக்கு நன்றி சொல்லத் தெரிந்த விதம் அவ்வளவுதான்.

பெங்களூரில் வேறொரு பையன் நாற்காலியோடு காத்திருந்தான். விமான நிலைய வாசலில் சம்பந்தி நிற்க, அவருக்குப் பக்கத்தில் கோபிநாத். யாருடைய கண்ணில் படக் கூடாதோ அவனேதான்.

"ஏனுங் சித்தப்பா, இந்தக் காலோட எப்படி? நானே உக்காந்துக்கறனுங்க."

"கால்லதான்டா அடி. மடியில இல்லை."

அன்றைக்கே தட்டு தரையில் படாமல் மகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் விடிந்ததும் அடிபட்ட காலை முக்காலியில் நீட்டி, நல்ல தொடையில் பேத்தியை உட்காரவைத்தார். ஊசி இறங்கியதும் பிள்ளை அலறிக்கொண்டு உதைத்த உதை, நேராக அந்த முழங்காலில் விழுந்தது. குப்பண்ணனின் கண்ணில் நீர் திரண்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். மடி அசையவில்லை.

"அப்புச்சிக்கு வலிக்குது போல" என்றார் சம்பந்தி.

"ஊசி எனக்கா குத்துனீங்க? இன்னொரு காது பாக்கி இருக்குதல்ல, அதைப் பாருங்க."