மூன்று பேருக்கு ஒரு டின்

மலேசியாவின் ஈஜோக்கில் மகளின் நிச்சய விருந்துக்கு அறுபது பேர் வருகிறார்கள். சோறு ஆக்கும் வேலையைக் கணவர் பெர்னாட்டிடம் விட்டிருந்த அகதா, கொட்டகைக்கு வந்து திகைத்தாள்.

"என்னாங்க, நாலு அண்டா சோறு?"

"மூணு பேருக்கு ஒரு டின்னு அரிசின்னு நீதானே சொன்ன? அறுபது பேருக்கு இருபது டின்னு. கணக்கு சரிதான் லா."

"எந்த டின்னுல அளந்தீங்க?"

பெர்னாட் பெரிய மைலோ டின்னைத் தூக்கிக் காட்டினார்.

"ஐயோ ஆண்டவரே! நான் சொன்னது பால் டின்னு. அது நாலு சேர்ந்தாத்தான் இது ஒண்ணு. இருநூத்தி நாப்பது பேருக்கு ஆக்கிட்டீங்க! குழம்பு அறுபது பேருக்குத்தானே இருக்கு? சம்பந்தி வீட்டுல சிரிக்க மாட்டாங்க?"

"அப்போ குழம்புலயும் நாலு மடங்காகிற மாதிரி தண்ணிய ஊத்திடறேன்."

அவர் தூக்கிய தண்ணீர் வாளியை அகதா பிடுங்கினாள்.

"நான் பருப்பு வேக வைக்கிறேன். நீங்க போயி இன்னும் நூத்தி எண்பது பேரைக் கூட்டியாங்க!"