பொருந்தாத தம்பி

1

இந்தக் கதையின் விதை என்னுடையதல்ல. எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் ஒரு சிறுநீரக மருத்துவர் குடியிருக்கிறார். உருளைக்கிழங்குப் பையோடு மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றபோது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். சிறுநீரகம் தர வந்தவரிடம் ‘உங்களுடையது பொருந்தவில்லை’ என்று சொன்னதும், சிலர் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி வந்து போகுமாம். அழுகை அதற்கு அப்புறம்தானாம். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘செக் நாட்டு ஓலொமோட்ஸ் நகரத்துக் கூரைகளின் மேல் பனி மெல்லப் பொழிந்து…’

வேண்டாம். பனி பெய்தால் எல்லோரும் நல்லவர்களாகத் தெரிவார்கள்.

இரண்டாவது: ராதிம் மதுக்கடையில் உட்கார்ந்து அழுதான்.

இது தேறும். ராதிம் சுவருக்குச் சாந்து பூசுபவன், நாற்பதைத் தாண்டியவன். அவன் அக்கா யார்மிலா கல்லறைத் தோட்டத்து வாசலில் மலர்வளையம் விற்கிறாள். சிறுநீரகங்கள் கைவிட்டுவிட்டதால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். உடம்பில் நீர் சேரக் கூடாது என்பதால் பீரை மருந்து போல அளந்து குடிப்பாள். தம்பி தருவதாகச் சொன்னான், சோதித்தார்கள், இரத்தம் சேரவில்லை. அன்று சாயங்காலம்தான் அந்த அழுகை.

“சேந்திருந்தா ரெண்டையும் வெட்டிக் குடுத்திருப்பேன்” என்றான். கடையே உருகிப்போனது. அதற்குப் பிறகு பல வாரங்கள் அவன் முன்னால் யாராவது ஒரு கோப்பையை வைத்துக்கொண்டே இருந்தார்கள். கொடுக்காமலே வள்ளலாகிவிட்டான், பாவி.

3

சில மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து இருவரையும் கூப்பிட்டார்கள். மாடிப்படி மருத்துவரைப் பெயர் மாற்றாமல், பெயரே இல்லாமல், இங்கே கொண்டு வந்துவிட்டேன். அவர் விளக்கினார்: வேறொரு ஊரில் ஒரு கணவன் மனைவிக்கும் இதே சிக்கல். ராதிமின் சிறுநீரகம் அந்தக் கணவனுக்குச் சேர்கிறது, அந்த மனைவியுடையது யார்மிலாவுக்குச் சேர்கிறது. மாற்றிக்கொள்ளலாம்.*

ராதிம் ரொம்ப சந்தோஷம் என்றான். சொல்லிவிட்டு வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தான்.

(* நான்கு அறுவைகளும் ஒரே நேரத்தில் தொடங்கும். தன் ஆளுக்குக் கிடைத்த பிறகு ஒருவர் நழுவிவிடக் கூடாது என்பதற்காக. மனிதர்களை நன்றாகத் தெரிந்தவர்கள் வகுத்த முறை.)

4

இங்கே எனக்கு அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது. பயப்பட ஒரு நல்ல காரணமாவது கொடுப்போம் என்று, ஊர்த் திருவிழா வாத்தியக் குழுவில் அவனை டியூபா ஊதுபவனாக்கினேன். வயிற்றோடு அணைத்துப் பிடிக்கிற பெரிய பித்தளை வாத்தியம் அது. தையல் போட்ட வயிறு தாங்குமா?

மூன்றாம் மாடி மருத்துவரிடம் கேட்டேன். ஆறிய பிறகு தாராளமாக ஊதலாம் என்றார். டியூபாவைப் பிடுங்கிவிட்டேன். அவனுக்குச் சின்னக் குழந்தைகள் என்று எழுதி, அதையும் அடித்தேன். மிஞ்சியது வெறும் பயம். மயக்க மருந்து கொடுத்த பின் எழுந்திருக்கவே மாட்டோமோ என்று ஒரு முழு ஆம்பிளை நடுங்குகிறான், அவ்வளவுதான். அதைக் கேவலம் என்று என்னால் எழுத முடியவில்லை. எனக்கு ஊசி என்றாலே ஆகாது.

பிறகு கதைக்குள் இருக்கும் மருத்துவர் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். இது வழக்கம், தருகிற எல்லோரிடமும் பேசுவார்கள்.

“இஷ்டமில்லன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. உடம்பு காரணமா உங்ககிட்ட எடுக்க முடியாதுன்னு நான் சொல்லிடுறேன். ஏன்னு அக்காகிட்டகூடச் சொல்ல மாட்டேன்.”

“அப்ப அந்த ஊர்க்காரங்க?”

“அவங்களுக்கும் அதேதான் சொல்வோம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தான். 

5

முடிவு அ: ராதிம் சரி என்கிறான். அறுவை நடக்கிறது. யார்மிலா பெரிய கோப்பையில் பீர் குடிக்கிறாள், மதுக்கடை கைதட்ட… (படித்துப் பார்த்தபோது பல் கூசியது.)

முடிவு ஆ: மாட்டேன் என்கிறான். உடம்பில் ஏதோ கோளாறாம் என்று அக்காவிடம் சொல்கிறான், அவள் நம்பிவிடுகிறாள். இதுவும் சரியில்லை. இருபது வருடமாக மலர்வளையம் விற்கிறவளுக்கு, நிஜமாக அழுகிறவன் யார், ஊருக்காக அழுகிறவன் யார் என்று தெரியாதா?

ஆகவே அவளையே பேசவிட்டேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில், கோட்டுப் பொத்தானைப் போட்டபடி, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே பேசினாள்.

“உள்ள என்ன கேட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்டா. டயாலிசிஸ்ல பக்கத்துப் படுக்கைக்காரி சொல்லியிருக்கா. மாட்டேன்னு தோணுச்சுன்னா அத எங்கிட்ட சொல்லாத. உடம்புல கோளாறுன்னு சொல்லு. நான் நம்புறேன்.”

“அக்கா…”

“நெஜமாத்தான் சொல்றேன். கிட்னி எங்கேயிருந்தாவது வரும், வராமலும் போகும். ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்கு வர்றதுக்கு வேற தம்பிக்கு நான் எங்கடா போவேன்?”

இதை நான் திட்டமிடவில்லை. நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய சாக்குகளுக்குப் பதிலாக அவள் ஒன்றை அவன் கையில் வைத்துவிட்டாள். தப்பிப்பதற்கு இப்போது தடையே இல்லை. அவனுக்கு அழுகை வந்தது. இந்த முறை பார்க்க யாரும் இல்லை, அக்காவைத் தவிர.

6

அவனைச் சரி என்று சொல்ல வைப்பது எனக்குச் சுலபம். வெட்டப்போவது என் வயிற்றை அல்ல. மாட்டேன் என்று சொல்ல வைப்பதும் அப்படித்தான். இயந்திரத்தோடு கட்டிக் கிடப்பது நானில்லையே. பேர் வைக்காத ஊரில் ஒருத்தி தன் புருஷனுக்காகத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளையும் நான் அறியேன். அடுத்தவன் சதையில் தாராளம் காட்டுவது எழுதுகிறவனுக்குக் கைவந்த காரியம். இந்த ஒரு முறை அதைச் செய்யப் பிடிக்கவில்லை.

ராதிம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, டாக்டர்கிட்ட நான்…” என்று ஆரம்பித்துவிட்டான். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் உங்கள் விலாவுக்குக் கீழே ஒரு தடவை கையை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.